டவரின் மூன்றாம் பக்கம்

எங்கள் சட்டையின் முதுகில் கொட்டை எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, எங்க வீட்ல சிக்னலே வர மாட்டேங்குது" என்று சண்டைக்கு வருவார்கள். நாங்கள் போன் கம்பெனி ஆட்கள் இல்லை. போன் கம்பெனிக்குப் பெட்டி, ஆன்டெனா, கேபிள் எல்லாம் விற்று, அதை டவரில் ஏற்றி மாட்டியும் கொடுக்கிற கம்பெனியின் ஆட்கள். அதிலும் நேரடி ஆட்கள் இல்லை, கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்கள். இதையெல்லாம் தெருவில் நின்று விளக்க முடியுமா? "சரிங்க, பார்த்துச் சொல்றோம்" என்று நகர்ந்துவிடுவோம்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, சாமான் கொடுக்கிற கம்பெனியின் பிழைப்பு அதுதான். போன் நன்றாகப் பேசினால் அது போன் கம்பெனியின் பெருமை. பேசாவிட்டால் எங்கள் பெட்டியின் கோளாறு. பெட்டியில் கோளாறு இல்லை என்று நிரூபித்துவிட்டால், மாட்டினவனின் கோளாறு. அதற்கு மேல் இறங்க வழி கிடையாது, அங்கே நாங்கள்தான் இருப்போம்.

எங்கள் கோஷ்டியில் நாலு பேர். இன்ஜினியர் மேடம் மட்டும் கம்பெனியின் நேரடி ஆள். லேப்டாப்பும் தொப்பியுமாக டவரின் அடியில் உட்கார்ந்திருப்பார். போனில் வருகிற வசவையெல்லாம் வாங்கிக்கொள்வார், அதில் பாதியைக்கூட எங்கள் பக்கம் திருப்ப மாட்டார். வேன் ஓட்டுகிறவரை ரேடியோ என்போம். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. மேலே ஏறுகிறவன் பல்லி. இரும்பைத் தொட்டால் ஒட்டிக்கொள்வான், அதனால் வந்த பெயர். என் தங்கச்சி புருஷன்.

நான் கயிறு. கீழே நின்று சாமானைக் கட்டி மேலே அனுப்புவது, பழையதை இறக்குவது, மேலே இருக்கிறவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஏறிப்போய் அவனை இறக்கிக்கொண்டு வருவது என் வேலை. இந்தக் கடைசி வேலைக்காக வருஷத்துக்கு ஒருதரம் பயிற்சி உண்டு. மனுஷன் எடைக்கு ஒரு பொம்மையை மேலே தொங்கவிட்டு, "இறக்கு" என்பார்கள். பொம்மையை நிறைய தடவை இறக்கியிருக்கிறேன். மனுஷனை இறக்கியதில்லை.

அன்றைக்கு வேலை ரொட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற டவரில். மூன்று கால், மூன்று பக்கம், பக்கத்துக்கு ஓர் ஆன்டெனா. ஒன்று பெரிய ரோட்டைப் பார்த்து, ஒன்று பாலத்தைப் பார்த்து, ஒன்று குடியிருப்பைப் பார்த்து. ஆன்டெனாக்களை வேறொரு கோஷ்டி முன்னாலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தது. பழைய பெட்டிகளைக் கழற்றிப் புதிதை வைத்து, பெட்டியிலிருந்து ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் ஜோடியாகக் கேபிள் இழுத்து, ஆன்டெனாவின் அடியில் முறுக்கிச் செருகுவது எங்கள் பாடு. எது எங்கே போக வேண்டும் என்பதற்குக் கேபிளின் முனையில் கலர் டேப் சுற்றியிருக்கும். சிவப்பு ரோட்டுக்கு, நீலம் பாலத்துக்கு, மஞ்சள் குடியிருப்புக்கு. எழுத்துத் தெரியாதவனும் பிழைத்துப் போகட்டும் என்று எந்தப் புண்ணியவானோ செய்த ஏற்பாடு. ரொம்ப காலம் நானும் அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

பெட்டியைக் கழற்றினால் திரும்ப மாட்டும் வரை அந்த வட்டாரத்தில் போன் செத்துவிடும். அதனால் போன் கம்பெனி நேரம் குறித்துக் கொடுக்கும். அதற்குள் உயிர் வர வேண்டும். மேடத்தின் போன் நிமிஷத்துக்கு ஒருதரம் அடித்துக்கொண்டிருந்தது. "ஆமா சார், முடிஞ்சுடும் சார், கடைசிப் பெட்டி சார்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி அப்போது என் காலடியில் அட்டைக்குள் இருந்தது.

பல்லி வழக்கம்போல் இல்லை. கயிறு பிடிக்கிறவனுக்கு மேலே இருக்கிறவனின் மனசு கயிற்றிலேயே தெரியும். வெடுக்கென்று இழுப்பான், "விடு, விடு" என்பான், அதற்குள் அடுத்ததைக் கேட்பான். அன்றைக்குக் கயிறு சும்மா தொங்கியது.

வாக்கி டாக்கியை எடுத்து, "என்ன மாப்ள, தூங்கிட்டியா?" என்றேன்.

"காத்து வாங்கறேன் மச்சான். கீழ உனக்கு ரொட்டி வாசனை. மேல எனக்குக் காத்து. அவங்கவங்க கொடுப்பினை."

குரலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரோட்டுப் பக்கம் முடித்தான். பாலத்துப் பக்கம் வந்தான். மூன்றாம் பக்கத்துக்கு, பெல்ட்டின் கொக்கியை மாற்றி மாட்டிச் சுற்றிப் போக வேண்டும். அவன் போகவில்லை. பாலத்துப் பக்கத்துக் காலை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையை எட்ட நீட்டி, அங்கிருந்தே செருகிக்கொண்டிருந்தான். வெயிலில் களைத்திருப்பான், நேரமும் போய்விட்டது, எட்டுகிறபோது எதற்குச் சுற்ற வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டவரின் காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீர் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

மேடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "மூணும் பச்சை அண்ணே. பிழைச்சோம்."

இறங்குவதற்கு முன் ஒவ்வோர் ஆன்டெனாவையும் பின்னாலிருந்து படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று ஒரு முறை உண்டு. குறித்த நேரம் தாண்டிப்போனதால் அன்றைக்கு அவர் கேட்கவில்லை. பல்லியும் எடுக்கவில்லை. ரேடியோ எல்லாருக்கும் டீ வாங்கிவந்தார். பச்சையைப் பார்த்துவிட்டால் எங்களுக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

மறுநாள் மத்தியானம் பச்சை பல்லிளித்தது. சோதனைக்காரர் என்று ஒருவர் உண்டு. காரின் இருக்கை முழுக்கப் போன்களைப் பரப்பிவைத்துக்கொண்டு டவரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். எந்தத் தெருவில் எந்தப் பக்கத்து ஆன்டெனா பேசுகிறது என்று பார்ப்பது அவர் தொழில். பாலத்தில் போகும்போது குடியிருப்புப் பக்கத்து ஆன்டெனா பேசுகிறது, குடியிருப்பில் பாலத்து ஆன்டெனா குறுக்கே வருகிறது, பாலத்தைத் தாண்டுகிற எல்லாருடைய பேச்சும் நடுவில் அறுந்துபோகிறது என்று எழுதி அனுப்பிவிட்டார்.

ஆபீஸின் பின்கட்டில், கேபிள் உருளைகளுக்கு நடுவில் நின்று மேடம் எங்களிடம் சொன்னார். "நீலமும் மஞ்சளும் மாறியிருக்கு. முழுசா மாறியிருந்தா கீழயே சரி பண்ணிடலாம். ஜோடியில ஒண்ணு ஒண்ணுதான் மாறியிருக்கு. மேல போய்த்தான் ஆகணும்."

"எனக்கா மாறும்?" என்றான் பல்லி. "மேடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் மாத்தி மாட்ட மாட்டேன். டேப் சுத்தினவன் தப்பாச் சுத்தியிருப்பான்."

"அதையும் மேல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். படம் கேட்காம விட்டது என் தப்பு. அதை நான் ஒத்துக்கிட்டேன். நாளைக்குக் காலையில நேரம் வாங்கியிருக்கேன்."

ரேடியோ சும்மா இருப்பாரா? "ஏம்பா பல்லி, நேத்து சாயங்காலம் பாலத்துல நின்னு என் பொண்டாட்டிகிட்ட பேசிட்டு இருந்தேன். பாதியில கட் ஆச்சு. நான் வேணும்னே வெச்சுட்டேன்னு ராத்திரி முழுக்க வசவு. எல்லாம் உன் கைங்கரியமா?"

எல்லாரும் சிரித்தோம். பல்லியும் சிரித்தான். சிரிக்கும்போது அவன் தலையை ஆட்டுவதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பானையைச் சுமக்கிறவன் மாதிரி கழுத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சி வீட்டு மாடியில் ஓர் அறை என்னுடையது. சாயங்காலம் நான் போனபோது அவள் மொட்டை மாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா? அவர் மேல நல்லாத்தான் ஏறுறாரா?"

"ஏன் கேக்குற?"

"படுத்துப் புரண்டா கட்டிலைக் கெட்டியாப் பிடிச்சுக்கறாரு. வீடே சுத்துதாம். கொஞ்ச நேரத்துல நின்னுடுமாம். ஷேவ் பண்ணும்போது மோவாயைத் தூக்க மாட்டேங்கறாரு. மூஞ்சிய பாரு, கழுத்துல பாதி மயிர் அப்படியே இருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினா எழுதிடுவாங்களாம். எழுதினா டவர் ஏற அனுமதிக்கற கார்டைப் பிடுங்கிடுவாங்களாம். அடுத்த மாசம் கம்பெனி மெடிக்கல் வருதுல்ல, அதுக்குள்ள தானா சரியாயிடும், வாயைத் திறக்காதேன்னு என் தலைமேல கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாரு." கையிலிருந்த சட்டையை நாலாய் எட்டாய் மடித்துக்கொண்டே போனாள். "நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதண்ணே."

"பின்ன எதுக்கு என்கிட்ட சொன்ன?"

அவள் துணியை அள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஏறுகிறவன் சம்பளமும் கீழே நிற்கிறவன் சம்பளமும் ஒன்றில்லை. ஏறுகிறவன் சம்பளத்தை நம்பித்தான் அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். நானும் அதே வீட்டின் தலையில்தான் படுத்திருந்தேன். எனக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. மூன்றாம் பக்கம் போக வேண்டும் என்றால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து கொக்கி மாற்ற வேண்டும். அவன் திருப்பப் பயந்திருக்கிறான். எட்டி நீட்டிய கையால் தடவித்தான் செருகியிருக்கிறான். டேப்பின் நிறம் விரலுக்குத் தெரியுமா?

சாப்பாடு முடிந்ததும் படிக்கட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, நாளைக்கு வேற கோஷ்டியிலேர்ந்து ஆள் கேட்கலாமா? உனக்கும் ஒரு நாள் ஓய்வு."

"என் தப்பை இன்னொருத்தன் வந்து சரி பண்றதா? வெளில தலை காட்ட முடியுமா?"

"தலைதான் இப்ப பிரச்சினைன்னு நினைக்கறேன்."

அவன் கழுத்தைத் திருப்பாமலே கேட்டான், "உன் தங்கச்சி வாயா?"

"என் கண்ணு. நீ மூணாவது பக்கம் போகவே இல்ல."

"பல்லி கீழ விழுந்தா சகுனம் பார்ப்பாங்க மச்சான். நான் விழ மாட்டேன். பெல்ட் இருக்கு, கொக்கி இருக்கு. சுத்தினா கண்ணை மூடிட்டு நிப்பேன், அது பாட்டுக்கு நின்னுடும். நாளைக்கு ரெண்டு கேபிள், கழட்டி மாட்டினா முடிஞ்சுது. அதோட மெடிக்கல் வரைக்கும் சின்ன டவர்தான். நீ கீழ கம்முனு இரு."

தோளில் தட்டிவிட்டு எழுந்தான். எழுந்தவன் சுவரில் கையை வைத்து ஒரு கணம் நின்றுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் தொழிற்சாலைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. ஏறுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஏறுமுன் எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. எல்லாரும் வட்டமாக நிற்போம். மேடம் போனில் வீடியோ எடுப்பார். ஒவ்வொருவரும் தான் இன்ன வேலை செய்கிறவன், உடம்பு நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு ஏறுகிறவனின் பெல்ட்டைக் கயிறு பிடிக்கிறவன் ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்த்து, "பார்த்தாச்சு, சரி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் ஏணியில் கால் வைக்கலாம். யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று ஆபீஸ் சுவரில் பெரிய படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் கையைத் தூக்கி நிற்கிறவன் ஒரு மாடல்.

"ஏற்றம். உடம்பு நல்லா இருக்கு" என்றான் பல்லி, கேமராவை நேராகப் பார்த்து.

"டிரைவர். உடம்பு, மனசு, வேன் எல்லாம் நல்லா இருக்கு" என்றார் ரேடியோ.

என் முறை. ராத்திரி யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். "கயிறு. கை பிசகிப்போச்சு. இன்னிக்குப் பிடிக்க முடியாது." வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்காட்டினேன். கயிறு இல்லாமல் ஏற்றம் கிடையாது. அவன் கார்டும் போகாது, அவனும் மேலே போக மாட்டான். பழி என்னோடு போகட்டும் என்பது கணக்கு.

மேடம் போனை இறக்கினார். "அடடா. வலிக்குதா அண்ணே? காலையில சொல்லியிருக்கலாமே."

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம்" என்று ரேடியோ முன்னால் வந்தார். "கயிறுக்கு என்கிட்டயும் கார்டு இருக்கு. போன தடவை டிரைவருங்களையும் சேர்த்துத்தானே பயிற்சிக்கு அனுப்பினாங்க. அந்தப் பொம்மையை என்னா அழகா இறக்கினேன் தெரியுமா. அண்ணன் வேன்ல உட்காரட்டும். எனக்கும் ஒரு மாத்தம்."

 நான் விலகினால் வேலை நிற்கும் என்று நினைத்தேன். விலகினால் நான் மட்டும்தான் விலகுவேன். அவன் மேலே போவான், கீழே நிற்கிறவருக்கு அவன் தலையைப் பற்றி எதுவும் தெரியாது. இதைவிடப் பெரிய கெடுதலை எதிரிகூடச் செய்ய மாட்டான்.

ரேடியோ கையுறையை மாட்டிக்கொண்டு பல்லியின் பெல்ட்டை இழுத்தார். தோள், மார்பு, தொடை. பல்லி என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காமல் ஒதுங்கிக்கொண்டதற்கு நன்றி சொல்கிற பார்வை அது. அதுதான் என்னைக் கொன்றது.

"பார்த்தாச்சு," என்று ரேடியோ ஆரம்பித்தார்.

"சரி இல்ல" என்றேன். "அவன் ஏற வேண்டாம். அவனுக்குத் தலை சுத்துது. என் கைக்கு ஒண்ணும் இல்ல, பொய் சொன்னேன்."

 மேடத்தின் போன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

"மச்சானுக்கு வெயில் ஏறிடுச்சு" என்றான் பல்லி.

"முந்தாநாள் மூணாவது பக்கம் நீ போகலை. பாலத்துப் பக்கமிருந்தே கையை நீட்டி மாட்டின. தலையைத் திருப்பிப் பார்க்கலை, அதான் கேபிள் மாறிச்சு. இப்ப மேடம் முன்னாடி அண்ணாந்து அந்த ஆன்டெனாவைப் பாரு. பார்த்துட்டு அப்படியே திரும்பி வேனைப் பாரு. நான் வாயை மூடிக்கறேன்."

அவன் அண்ணாந்து பார்க்கவில்லை.

மேடம் வீடியோவை நிறுத்தினார். போனைத் தொடையில் வைத்துக்கொண்டு ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்தார்.

ரேடியோதான் முதலில் தேறினார். குரலைத் தாழ்த்தி, "மேடம், வீடியோவை அழிச்சுட்டு, காத்துன்னு போட்டுடுங்க" என்றார்.

எங்கள் தொழிலில் அது ஒரு வழி. காற்று அடித்தால் ஏறக்கூடாது என்பது சட்டம். எங்கே, எவ்வளவு அடித்தது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. வேன் டயர் வெடித்தால் காற்று. ஏறுகிறவனின் மாமியார் வந்திறங்கினால் காற்று. ஆபீஸ் கணக்குப்படி எங்கள் வட்டாரத்தில் அடிக்கிற காற்றுக்கு ஒரு டவர்கூட நின்றிருக்கக் கூடாது.

மேடத்தின் விரல் போனின் மேல் நின்றது. அவரும் மனுஷிதானே. இரண்டு நாளாக அவரைப் போட்டு வறுத்தெடுக்கிறார்கள்.

"போடுங்க மேடம்" என்றான் பல்லி.

"நாளைக்கும் காத்து அடிக்குமா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு எனக்குச் சரியாயிடும்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா நீ ஏறி வந்து இறக்கு. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்."

"உன்னைத் தூக்கிட்டு வந்து என் தங்கச்சி முன்னாடி படுக்கவைக்க எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கலை மாப்ள."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அடிப்பான் என்று நினைத்தேன். வேனின் முன்னால் அதை மெதுவாக வைத்தான். பெல்ட்டின் பூட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான், மடித்து ஹெல்மெட்டின் பக்கத்தில் வைத்தான். பிறகு ரோட்டைப் பார்த்து நடந்தான். தொழிற்சாலைச் சுவர் முடிகிற வரை ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டே போயிற்று.

மேடத்தின் போன் அடித்தது. பெரிய அதிகாரி. பக்கத்திலேயே நின்றதால் அந்தப் பக்கத்துக் குரலும் கேட்டது.

"ஏறியாச்சா?"

"இல்ல சார். நிறுத்திட்டேன்."

"காத்தா?"

மேடம் புகைபோக்கியைப் பார்த்தார். "காத்து இல்ல சார். ஏறுறவருக்கு உடம்பு சரியில்ல."

"யார் நிறுத்தினது?"

"நான்தான் சார்."

"கஸ்டமருக்கு நான் என்ன பதில் சொல்றது? ரெண்டு நாளா பாலத்துல பேச முடியலைன்னு என் உயிரை எடுக்கறான்."

"இதையே சொல்லுங்க சார். வேற கோஷ்டி கொடுத்தீங்கன்னா இன்னிக்கே முடிச்சுடறேன்."

அந்தப் பக்கம் இன்னும் என்னவெல்லாமோ சொன்னது. மேடம் "ஆமா சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார், மூடி கைக்கு வரவில்லை. வாங்கித் திறந்து கொடுத்தேன்.

"போய் அவரைக் கூட்டிட்டு வாங்க அண்ணே" என்றார். "பஸ்ல ஏறிடப் போறாரு. டாக்டர்கிட்ட போகணும்."

வேறு கோஷ்டியிலிருந்து ஓர் ஆள் வந்து ஏறி, இரண்டு கேபிளைக் கழற்றி மாற்றிச் செருகிவிட்டு, மூன்று ஆன்டெனாவையும் பின்னாலிருந்து படம் பிடித்துக்கொண்டு இறங்கினான். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. டேப் சுற்றினதில் தப்பு இல்லை.

கம்பெனி டாக்டர் பல்லியைக் கட்டிலில் சாய்த்து, தலையை வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தாராம். காதுக்குள் பொடிக்கல் மாதிரி ஏதோ இருக்குமாம், அது இடம் மாறினால் இப்படித்தான் ஆகுமாம். தலையை இப்படியும் அப்படியும் உருட்டி அதை இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நாலைந்து தடவை போய்வந்ததில் வீடு சுற்றுவது நின்றது. ஆனால் எழுதியாயிற்று. ஒரு வருஷம் முழுக்கத் தலை சுற்றாமல் இருந்தால் மறுபடி பார்க்கலாம் என்று கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேடம் அங்கே இங்கே பேசி, கம்பெனியின் சாமான் கிடங்கில் அவனுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் அவன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது டவர் ஏறுவதைவிடக் கஷ்டம். "தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்பான் தங்கச்சியிடம், நான் மோட்டாரின் பக்கத்திலேயே நின்றாலும். அவளும் தபால்காரி மாதிரி, "அண்ணே, மோட்டாராம்" என்பாள்.

ஒருநாள் அவளிடம், "உனக்கும் என் மேல கோபமா?" என்று கேட்டேன்.

"கோபம்தான்" என்றாள். "முன்பக்கத்து அறையை வாடகைக்கு விடலாம்னு இருக்கோம். பாத்திரமெல்லாம் பின்னாடி இழுத்துப் போட்டாச்சு, நிக்க இடம் இல்ல. கோபம் வராதா?" சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "ஆனா இப்ப ராத்திரி அவர் கட்டிலைப் பிடிக்கறது இல்ல. நானும் பிடிக்கறது இல்ல."

போன வாரம் ஒரு டவருக்குப் புதுப் பெட்டி எடுக்கக் கிடங்குக்குப் போக வேண்டியிருந்தது. ரேடியோ வேண்டுமென்றே வேனிலேயே உட்கார்ந்துகொண்டு, "நீங்களே போய் வாங்கிட்டு வாங்கண்ணே, எனக்கு முட்டி வலி" என்றார்.

உயரமான தகரக் கூரை. இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகள், தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். பல்லி ஒரு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கழுத்தை வழவழவென்று சுத்தமாகச் சிரைத்திருந்தான். நான் நீட்டிய சீட்டை வாங்கிப் படித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டுகளுக்கு நடுவே நடந்தான், நானும் பின்னாலேயே நடந்தேன். ஓர் இடத்தில் நின்று நன்றாக அண்ணாந்து, மேல் வரிசையைப் படித்தான். சக்கரம் வைத்த ஏணியை இழுத்துவந்து நிறுத்தினான். அதன் முதல் படியில் கை வைத்தான்.

"இதுலயும் ஏறக் கூடாதாம்" என்றான், ஏணியிடம் சொல்கிறவன் மாதிரி. "கிடங்கு மேஸ்திரி உத்தரவு. ஃபோர்க் லிஃப்ட் ஓட்டறவன் சாப்பிடப் போயிருக்கான். வர நேரம் ஆகும்."

நான் மேல் வரிசையைப் பார்த்தேன்.

"என்ன பார்த்துட்டு இருக்க? ஏறு மச்சான். நான் பிடிச்சுக்கறேன்."

ஏறினேன். ஏணி கொஞ்சமும் ஆடவில்லை. பாதி வழியில் கீழே பார்த்தேன். இரண்டு காலையும் அகட்டி வைத்து, ஏணியின் இரண்டு கட்டையையும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ பார்க்காத. மேல பாரு. இடது பக்கம்."

தூசி மூக்கில் ஏறியது. பெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிவந்தேன். அவன் அதை வாங்கிப் புரட்டி, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான்.

"இது இல்ல" என்றான். "இதுக்குப் பக்கத்துல இருக்கறது. திரும்ப ஏறு."